டெய்லிங்ஸ்: 'சக்கைமண்' எனலாமா?

> டெய்லிங்ஸுக்கு 'சுரங்கக் கழிவு' போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

வணக்கம்.

டெய்லிங்ஸ் (tailings) என்பது தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நுண்மண். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'சுரங்கக் கழிவு' என்றால் புரியும், ஆனால் தவறாகப் புரியும். கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கம் இன்று கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் ஊரை ஒட்டி நிற்கும் வெளிறிய மண்குன்றுகள், பக்கமெல்லாம் மழை அறுத்த பள்ளங்களோடு. அந்த மண் வெட்டிப்போட்ட கல் அல்ல. தங்கம் கலந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சியது. தங்கம் இல்லையென்று அரைக்காமலே ஒதுக்கிய கல் வேறு.

கல் போட்ட இடத்தில் கிடக்கும். இந்த மண்ணோ கோடைக்காற்றில் பறந்து வீட்டுக்குள் வருகிறது. தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அங்கே வசிக்கின்றன. அவர்கள் மூச்சில் போவது எது என்று சொல்லவாவது நமக்குத் தனிச்சொல் வேண்டும்.

> 'கசடு'?

வேண்டாம். உலோகம் உருக்கும்போது பிரிவதைப் பாடநூல்கள் கசடு என்கின்றன. ஆங்கில 'tail'-ஐ அப்படியே பெயர்த்த 'வால்மண்' ஆங்கிலம் தெரியாதவருக்கு எதையும் சொல்லாது.

என் பரிந்துரை 'சக்கைமண்'. சாறு பிழிந்த கரும்பின் மிச்சத்தைச் சக்கை என்கிறோம், இதுவும் அப்படித்தான். இன்னொரு பொருத்தமும் உண்டு: அந்தக் குன்றுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது, அதை மீண்டும் பிரித்தெடுக்கும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. 'கழிவு' என்று பெயரிட்டுவிட்டு அதிலிருந்து தங்கம் எடுப்பதாக எழுதினால் இடிக்கும்.

> இலங்கையில் சக்கை என்றால் வெடிமருந்து.

நியாயமான தடை. அதுவும் சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது குழப்பம் ஆபத்தானது. அதனால்தான் 'சக்கை' என்று தனியே விடாமல் 'மண்' சேர்த்தே எழுதச் சொல்கிறேன். இதுவும் போதாது என்றால் 'பிழிமண்' என்று வைக்கலாம், எனக்குச் சம்மதமே.

தங்கவயலில் வழங்கும் 'சயனைடு டம்ப்' அந்த ஊருக்குச் சரி, பொதுச்சொல்லாகாது. 2019-இல் பிரேசிலின் புருமாதின்யோவில் அணை உடைந்து சுமார் 270 பேரைப் புதைத்தது இரும்புத்தாதுச் சேறு, அதில் சயனைடு ஏது?

அப்புறம், குவித்தது 'சக்கைமண் மேடு', சேறாகத் தேக்கியது 'சக்கைமண் தேக்கம்'. இந்த இரண்டுக்கும் கருத்துச் சொல்லுங்கள், குறிப்பாகத் தங்கவயல்காரர்கள்.