மறு: லேபிளிங் தியரி – அடையாளமா, பட்டமா, முத்திரையா?

அனைவருக்கும் வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். ஊர் ஒருவர்மேல் ஒட்டும் பெயர் அவரை என்ன ஆக்குகிறது என்று பேசும் 'லேபிளிங் தியரி'க்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல், பாடத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று இழையைத் தொடங்கிய அம்மா எழுதியதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> என் மாணவர்கள் 'அடையாளப்படுத்தல் கோட்பாடு' என்றே எழுதுகிறார்கள். புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, அடையாளம் என்ற சொல் நமக்கு வேறு வேலைக்கு வேண்டியிருக்கிறது. அடையாள அரசியல், அடையாள அட்டை, மொழி அடையாளம். நான் இன்னார் என்று ஒருவர் தாமே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதும் அடையாளம்தான். லேபிளிங்கில் சொல்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். அந்த இரண்டு ஆளும் சொல்லுக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கோட்பாட்டில் பாதி போய்விடும்.

'சிட்டையிடல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊறுகாய் பாட்டிலுக்குச் சரி. தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினால் வந்துவிடும் ஒன்றைப் பற்றியா நாம் பேசுகிறோம்?

சொல்லுக்குப் போகுமுன் கோட்பாடு என்ன சொல்கிறது என்பதில் நமக்குள்ளேயே கொஞ்சம் குழப்பம் இருக்கிற மாதிரி தெரிகிறது, அதனால் ஒரு வார்த்தை. குற்றம் செய்தவன் குற்றவாளி, அவ்வளவுதானே என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற எண்ணம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் அந்தக் கேள்வியைப் புரட்டிப் போட்டார்: விதியைப் போட்டது யார், போட்டவர்கள் அதை யார்மேல் பாய்ச்சுகிறார்கள்? ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்கிறார்கள், ஒருவன்மேல் மட்டும் ஏன் ஒட்டுகிறது? இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்வது வில்லியம் சாம்பிளிஸ் 1973இல் எழுதிய இரண்டு பையன் கூட்டங்களின் கதை. அமெரிக்காவில் ஒரே பள்ளிக்கூடம். எட்டுப் பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஆறு பேர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் பள்ளிக்கு மட்டம் போட்டது, குடித்தது, அடுத்தவர் பொருளை உடைத்தது. எட்டுப் பேரிடம் கார் இருந்தது, ஊர் தாண்டிப் போய் ஆட்டம் போட்டார்கள், மாட்டிக்கொண்டால் பவ்வியமாக 'தப்புதான் சார்' என்று சொல்லத் தெரிந்தது. ஆறு பேருக்குக் கடைத்தெருமுனையை விட்டால் போக்கிடம் இல்லை, பேச்சும் முரட்டுப் பேச்சு. சாம்பிளிஸ் கவனித்த இரண்டு ஆண்டில் அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. பொறுக்கி என்று ஊர் யாரைச் சொன்னது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் இதற்கு முன்பே, 1951இல், இன்னொன்றைப் பிரித்துக் காட்டியிருந்தார். முதலில் ஏதோ ஒன்று நடக்கிறது, சின்னதாக, பலரும் செய்வதுதான், அதோடு போயிருக்கலாம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயர் வைத்த பிறகு, அந்தப் பெயருக்கு ஏற்றபடியே அவன் வாழத் தொடங்குகிறானே, அது இரண்டாவது நிலை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒருவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. வாத்தியார் எல்லார் பையையும் கொட்டச் சொன்னார், ஆனால் சொல்லிக்கொண்டே நேராகப் போய் நின்றது கடைசி பெஞ்சில் ஒரு பையன் முன்னால். அவன் பையில் இரண்டு நோட்டும், தினத்தாளில் சுற்றிய ஒரு பிடி வறுத்த கடலையும்தான் இருந்தன. பாக்ஸ் மறுநாள் பறிகொடுத்தவன் வீட்டு அலமாரியிலேயே கிடைத்தது. அதை யாரும் வகுப்பில் அறிவிக்கவில்லை. ஆனால் பையனுக்கு அன்றிலிருந்து பெயர் 'பாக்ஸ்'. அரையாண்டுக்குப் பிறகு எது காணாமல் போனாலும் அவனே எழுந்து நின்று 'நான்தான் சார்' என்பான், வகுப்பு சிரிக்கும், அவனும் சிரிப்பான். அடுத்த வருடம் உண்மையிலேயே ஒரு சைக்கிள் டைனமோ விஷயத்தில் மாட்டினான். இப்போது பக்கத்து ஊரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். பழைய வகுப்புத் தோழர்கள் வாட்ஸப் குழு தொடங்கினோம். என் செல்போனில் அவன் எண்ணை என்ன பெயரில் சேமித்திருக்கிறேன் என்று போன வாரம் இந்த இழையைப் படிக்கும்போதுதான் கவனித்தேன். 'பாக்ஸ்'.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> திருட்டுப் பட்டம், பைத்தியக்காரப் பட்டம் என்று மக்களே சொல்கிறார்கள். 'பட்டங்கட்டல் கோட்பாடு' என்று வைத்தால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இதுதான். பேச்சில் உயிரோடு இருக்கிற சொல். ஆனால் இந்தக் கோட்பாட்டை நம் மண்ணில் எங்கே வைத்துச் சொல்லித்தருவோம் என்று யோசித்துப் பாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை விட்டுவிட்டு ஒரு தமிழ் வகுப்பில் இதைச் சொல்லித்தர முடியாது. 1871இல் வடக்கே வந்த சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒருவன் என்ன செய்தான் என்று யாரும் நிரூபிக்க வேண்டாம், இன்ன சாதியில் பிறந்தவன் என்று அரசிதழில் வந்தால் போதும், வயதுவந்த ஆண்கள் பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு, இரவானால் காவல் நிலையத்துப் பக்கம் போய்ப் படுக்கை. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். லெமர்ட் எழுதுவதற்கு முப்பது வருடம் முன்பு.

அந்தப் பகுதி மாணவர்களிடம் போய் 'பட்டம்' என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கள்ளர் குடிகளின் பட்டப் பெயர்கள், அதாவது பெருமைக்கு உரியது. நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர். கடலோர ஊர்களில் பட்டங்கட்டி என்றால் ஊர்த் தலைவர். அகராதியிலும் பட்டங்கட்டுதல் என்றால் முடிசூட்டுதல். வகுப்பில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கலைச்சொல் எதற்கு?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழில் பெயர்ச்சொல் இதில் நடுநிலையாகவே நிற்கிறது, குணம் எல்லாம் வினையில்தான். பட்டம் வாங்கினான் என்றால் பெருமை, பட்டம் கட்டிவிட்டார்கள் என்றால் புகார். முத்திரை பதித்தார் என்றால் பாராட்டுவிழா, முத்திரை குத்தினார்கள் என்றால் அநியாயம். பெயர் எடுத்தான், பெயரைக் கெடுத்தார்கள். அப்படியானால் சொல்லை ஆக்கும்போது வினையை விடவே கூடாது. வெறுமனே 'முத்திரைக் கோட்பாடு' என்றால் பத்திரப்பதிவு அலுவலக நினைப்புதான் வரும். 'முத்திரைகுத்தல் கோட்பாடு' என்று குத்தலோடு சேர்த்தே வைக்க வேண்டும். குத்தும்போது ஒரு கை தெரிகிறது, மேசை தெரிகிறது, சத்தம்கூடக் கேட்கிறது.

> முத்திரை வடசொல். தூய தமிழில் இலச்சினை என்றாவது வையுங்கள்.

இலச்சினையும் வடக்கிலிருந்து வந்ததுதான் ஐயா, லாஞ்சனம். பட்டமும் அப்படியே. தூய தமிழ் என்றால் 'பொறி' இருக்கிறது, நானும் முதலில் அங்கேதான் போனேன். ஆனால் பெரியாழ்வார் 'கோயிற் பொறியாலே ஒற்றுண்டு நின்று' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார், அப்பர் மூவிலைச் சூலத்தை என் உடம்பில் பொறித்துவிடு என்று கேட்டே வாங்குகிறார். பொறி நம்மிடம் அடியாரின் பேறு. போதாக்குறைக்கு எலிப்பொறி, தீப்பொறி, பொறியியல் என்று அதற்கு ஏற்கெனவே கைநிறைய வேலை.

காவல்துறைச் சொற்களைப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது. போலீஸ் பதிவேட்டின் கே.டி. (நோன் டிப்ரடேட்டர், போலீசுக்குத் தெரிந்த திருடன்) என்ற இரண்டெழுத்துதான் 'கேடி' ஆனது என்பார்கள். கேடு என்ற சொல் பக்கத்திலேயே இருந்ததால் ஒட்டிக்கொள்ளச் சிரமமே இருந்திருக்காது. இப்போது பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போதுகூட 'சரியான கேடி' என்கிறோம். செய்தித்தாளில் வரும் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' இன்னொன்று, ஏதோ சரித்திரம் படைத்தவர் போல. கைநாட்டு என்பதும் ஒரு காலத்தில் செயல், பிறகு அதுவே ஆள்: 'அவன் கைநாட்டுப்பா.' கோட்பாடு சொல்வதை மொழி தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு நேர் மாறாக ஒன்றும் நடந்திருக்கிறது, அதை நம் குழுவில் யாரும் இதுவரை பேசவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் போனது, நாடு முழுக்க 1952இல். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இந்தச் சாதிகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'அறிவிக்கை நீக்கப்பட்டோர்' என்ற பொருளில்தான் இருக்கிறது. அதாவது பழைய அறிவிக்கை பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு காலத்தில் நீ பட்டியலில் இருந்தவன் என்று ஒவ்வொரு சான்றிதழிலும் சொல்லிக்கொண்டே. தமிழில் யாரோ அதை அப்படியே பெயர்க்காமல் 'சீர்மரபினர்' என்று ஆக்கினார்கள். குற்றம் இருந்த இடத்தில் சீர், பரம்பரை இருந்த இடத்தில் மரபு. குத்தின முத்திரைமேலேயே மறுமுத்திரை குத்தியது போல. இந்தச் சொல்லை ஆக்கியவருக்கு நம்மைப் போன்ற குழுக்கள் ஒரு மாலை போட வேண்டும். சொல் மாறினால் வாழ்க்கை மாறிவிடுமா என்றால் இல்லைதான். பழக்கக் குற்றவாளிகள் என்ற பெயரில் அடுத்த சட்டம் ஏற்கெனவே காத்திருந்தது, அதே ஆட்கள்மேல் பாய.

அடுத்தது 'டீவியன்ஸ்', அதாவது ஊர் போட்ட நெறியை மீறி நடப்பது. இதற்கு எல்லோரும் 'பிறழ்வு' என்கிறார்கள். இந்தக் கோட்பாட்டில் அது கொஞ்சம் உதைக்கிறது. பிறழ்வு என்றதுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, மனப்பிறழ்வு வேறு பக்கத்தில் நிற்கிறது. வெறும் 'விலகல்' என்று வைக்கலாம் என்றிருந்தேன், ஆனால் 2020இல் கொரோனா வந்து 'சமூக விலகல்' என்று செய்தியில் போட்டே அந்தச் சொல்லைத் தீர்த்துவிட்டார்கள், புள்ளியியல்காரர்களும் விலக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நெறிவிலகல். லெமர்ட் பிரித்த இரண்டும் முதல்நிலை நெறிவிலகல், இரண்டாம்நிலை நெறிவிலகல். நெறி என்று சொல்லும்போதே அது யார் போட்ட நெறி என்று மாணவன் கேட்பான், கேட்கட்டும், பெக்கரும் அதைத்தான் கேட்டார்.

'ஸ்டிக்மா'வுக்குக் களங்கம் என்று எழுதுகிறோம். நிலவிலும் களங்கம், கற்பிலும் களங்கம், உள்ளுக்குள்ளேயே ஏதோ அழுக்கு இருப்பது போல. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் 'ஸ்டிக்மா' நூலைத் தொடங்குவதே கிரேக்கர் அடிமைகள்மேலும் குற்றவாளிகள்மேலும் சுட்டும் கீறியும் போட்ட குறியிலிருந்து. வெளியிலிருந்து போட்டது. நமக்கு 'வடு' இருக்கும்போது களங்கம் எதற்கு? பழைய தமிழில் வடு என்றால் தழும்பு மட்டுமில்லை, பழியும்தான். வள்ளுவர் தீ சுட்டதைப் புண் என்றார், நாக்கு சுட்டதை மட்டும் வடு என்றார். முத்திரை குத்துவது செயல், வடு அதன் மிச்சம். இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று பேசும். பூவில் உள்ள ஸ்டிக்மாவைச் சூல்முடி என்கிற தாவரவியல்காரர்கள் அதோடு நிம்மதியாக இருக்கட்டும்.

கடைசியாக, 'லேபிள்' என்ற பெயர்ச்சொல்லுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றார்கள். கோட்பாட்டின் பெயரில் வினை இருக்கிறது, ஆனால் 'அவன்மேல் உள்ள லேபிள்' என்று எழுத வரும்போது வெறும் முத்திரை என்றால் மறுபடி பத்திர ஆபீஸ். 'குத்துமுத்திரை' என்று வைக்கலாமா? குத்துப்பாட்டு மாதிரி இருக்கிறது என்று என் வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள், நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் வினைத்தொகை. குத்திய, குத்துகிற, குத்தும் முத்திரை, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். ரேகைச் சட்டத்தை வைத்தோ என் நண்பனின் எண்ணை வைத்தோ யோசித்தால் மூன்று காலமும் வேண்டியிருக்கிறது.

அம்மா பாடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது: முதல் தடவை ஏன் நடந்தது என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் பதில் கிடையாது. அதற்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் பக்கம்தான் போக வேண்டும், அது வேறு இழை.

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்து உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று தெரியும். வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: ராத்திரி ஸ்டேஷனுக்குப் படுக்கப் போவதை அந்தக் காலத்தில் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்? அதற்கென்று ஒரு சொல் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் இதுவரை நான் எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிடலாம்.