ஹைப்போவா, ஹைப்பரா? எனக்கு நடந்தது

அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த முதல் வாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. மருத்துவமனையில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தால் இரண்டு கட்டம், ஒன்றின் தலைப்பில் ஹைப்போகிளைசீமியா, இன்னொன்றில் ஹைப்பர்கிளைசீமியா. பதற்றத்தில் ஹைப்பர் கட்டத்தைப் படித்துவிட்டு, இனிப்பு கூடாது போலிருக்கிறது என்று வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். அம்மாதான் முதலில் மீட்டரில் பாருடா என்றார். 52! எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, அதுதான் ஹைப்போகிளைசீமியா; ஹைப்பர் என்பது சர்க்கரை அதிகமாவது. உடனே 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 88. அப்பா என் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த ரெண்டு சொல்லையும் இனி ஜென்மத்துக்கும் மறக்கக்கூடாது என்று மறுநாள் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. கிளைகிஸ் இனிப்பு, ஹைமா இரத்தம். எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது வேறொன்று. ஹைப்போவுக்கு உடன்பிறந்த சொல் சமஸ்கிருதத்தின் உப, ஹைப்பருக்கு உபரி! இரண்டும் நம் பேச்சிலேயே இருக்கின்றன. உபதலைவர் தலைவருக்குக் கீழே இருப்பவர், உபரி நீர் அளவுக்கு மேல் போய் வழிவது. லத்தீனில் இதே ஜோடிதான் சப், சூப்பர் (ஆமாம், நாம் தினமும் சொல்கிற அதே சூப்பர்). இப்போது ஹைப்பர் என்று கேட்டாலே உபரி என்றுதான் மனம் சொல்கிறது, குழப்பமே இல்லை.

---

அப்பா நலமாக இருப்பது சந்தோஷம். நான் வார்டில் நர்ஸ். இன்சுலின் போடுகிற ஹைப்போடெர்மிக் ஊசியிலும் அதே ஹைப்போதான், டெர்மா என்றால் தோல், தோலுக்குக் கீழே போவது.

எங்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு. ஒருமுறை லேபிலிருந்து போனில் சொன்னது என் காதில் ஹைப்போகலீமியா என்று விழுந்தது, அதாவது பொட்டாசியம் குறைவு, அப்படியானால் பொட்டாசியம் ஏற்றச் சொல்வார்கள். ஏதோ உறுத்தியதால் எண் என்ன என்று கேட்டேன். 6.1 என்றார்கள். ஐந்தைத் தாண்டினாலே அதிகம்தான், அதற்கு மேலும் ஏற்றியிருந்தால் இதயமே நின்றிருக்கலாம். அப்புறம் எப்போதுமே எண்ணைச் சொல்லச் சொல்லி, அதை நானும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.