தக்காளிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சுவது?

கேள்வி:
நாற்று நட்டு 65 நாள் ஆகிறது. மணல் கலந்த மண், பார் (மண் வரப்பு) அமைத்து, இடையிலுள்ள பள்ளமான சாலில் பாசனம். வாரம் ஒருமுறை பாய்ச்சி வந்தேன். மோட்டார் பழுதானதால் இடையில் 12 நாள் தண்ணீர் விட முடியவில்லை. வாடிய செடியைக் காணச் சகிக்காமல், மோட்டார் ஓடியதும் சால் நிரம்பி வழியும்வரை விட்டேன். மூன்றாம் நாள், நிறம் மாறிய காய்கள் காம்பைச் சுற்றி வெடித்துக் கிடந்தன. பிஞ்சுகளின் அடியில் கறுப்புத் திட்டுகள் வேறு. பூஞ்சாணக்கொல்லி தெளித்தும் நிற்கவில்லை. எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்?

பதில் 1:
தெளிப்பதை நிறுத்துங்கள், அந்தக் கறுப்புத் திட்டு பூஞ்சாணம் அன்று. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் ஏறும். தண்ணீர் தடைபட்டால் காயின் அடிநுனிக்கு அது போய்ச் சேராமல் திசு கறுத்துவிடும். வெடிப்புக்கும் இதே தவறுதான் காரணம். நீரின்றிக் காயும்போது தோல் இறுகியிருக்கும். திடீரென்று நீர் ஏறும்போது உள்சதை பருத்துத் தோலைப் பிளக்கிறது. நானும் இப்படி ஒரு பறிப்பு முழுவதையும் இழந்தவன்.

அன்றிலிருந்து நாள் கணக்கை விட்டுவிட்டேன். செடிக்கு ஒரு சாண் தள்ளி, 15 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பிடிப்பேன். உருண்டையாக நின்றால் காத்திருப்பேன். பிடித்ததுமே உதிர்ந்தால் அன்றே பாய்ச்சுவேன். மேல்மண்ணின் நிறத்தை நம்பவே மாட்டேன். உங்கள் மணற்பாங்கான மண்ணில் வாரம் ஒருமுறை நிறைய விடுவதைவிட, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அளவாக விடுவது நல்லது. பூவெடுப்பிலிருந்து காய் பருக்கும்வரை ஒரு முறைகூடத் தவறக் கூடாது.

பதில் 2:
என்னுடையது சொட்டுநீர். ஒரு மி.மீ. நீர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வெயிலும் காற்றும் நாளுக்கு 5 மி.மீ. இழுக்கும் பருவத்தில், காய்ப்பு நிலைத் தக்காளிக்கு அதை 1.15 ஆல் பெருக்குவேன். உணவு வேளாண் அமைப்பின் 1998 கையேட்டில் உள்ள கெழு (பயிருக்கும் பருவத்துக்கும் ஏற்ற பெருக்கெண்) அது. 5.75 மி.மீ. வரும். செடிக்கு 1.2 மீ. × 0.6 மீ. இடம் என்றால் நாளுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் ஒரு சொட்டுவானை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் போதும். இளஞ்செடிக்குக் கெழு 0.6 தான்; அதில் பாதி நேரம்.

கேட்டவர்:
இன்று தோண்டிப் பார்த்தேன். சாலின் தலைப்பில் மண் சேறாக ஒட்டுகிறது. கடைமடையில் கையில் நிற்காமல் உதிர்கிறது. கறுத்த காய்களில் பெரும்பாலானவை கடைமடையில்தான் இருக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் சால் நீளம், கடைமடைக்குத் தண்ணீர் போதுமான அளவு சேரவில்லை. நடுவில் குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்து, இரண்டு பாதிக்கும் தனித்தனியே மடை திறந்துவிடுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். மேல்கொத்துப் பூக்களையாவது காப்பாற்றிவிடலாம். கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள், அவை தேறாது.