ஆர்ஜிபி மானிட்டரில் படம் நிற்காமல் உருள்கிறது, உதவி தேவை

குளச்சல்காரன்: வணக்கம். மார்த்தாண்டத்தில் மூடிய ஒரு கேபிள் ஸ்டுடியோவிலிருந்து சோனி பிவிஎம் மானிட்டர் ஒன்றை வாங்கினேன். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சேகா வீடியோ கேம் பெட்டியை ஆர்ஜிபி வயரில் (மூன்று நிறமும் தனித்தனியாக வருவது) இணைத்தால், படம் சாய்வாகக் கிழிந்து உருண்டுகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்தாக வேண்டும்.

தக்கலை ரேடியோ: எந்த சேகா, தம்பி? மெகா டிரைவ் ஒன்று என்றால் பின்னால் 8 பின் வட்டத் துளை இருக்கும். இரண்டு என்றால் சிறிய 9 பின் துளை. வயரின் மறுமுனையில் எத்தனை பிஎன்சி முனைகள் (திருகிப் பூட்டும் வட்ட முனைகள்) உள்ளன, எது எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

வடசேரி வாசி: குளச்சல் என்றாலே உப்புக்காற்றுதான் காரணம். முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள்.

கருங்கல் கேமர்: துபாய்ப் பெட்டி பால் (PAL) என்ற டிவி முறையில் இயங்குவது, மானிட்டர் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையாக இருக்கும். அதுதான் சிக்கல்.

பழைய பிக்சல்: இதே விளக்கத்தை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? பால், என்டிஎஸ்சி இரண்டும் நிறத்தை ஒரே வயருக்குள் மடித்து அனுப்பும் முறைகள். ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில் வருவதால் மடிப்பதற்கே அங்கு வேலையில்லை. நொடிக்கு 50 படமா 60 படமா என்ற வேறுபாடு மட்டுமே எஞ்சும். கிடைக்கோட்டு வேகம் இரண்டிலும் 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டியதே என்பதால் பிவிஎம் இரண்டையும் ஏற்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கருங்கல் கேமர்: படித்துவிட்டுத்தான் பேசுகிறேன், ஐயா. 50 ஹெர்ட்ஸ் பெட்டியில், அதாவது நொடிக்கு 50 படம் தரும் பெட்டியில், சோனிக் விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவதை நீங்கள் மறுப்பீர்களா?

பழைய பிக்சல்: மெதுவாக ஓடுவது வேறு, உருள்வது வேறு.

குளச்சல்காரன்: மன்னிக்கவும், மெகா டிரைவ் இரண்டு. நான்கு முனைகள், மூன்று நிறத்துக்கு, நான்காவதான கறுப்பு முனை பின்புறம் எக்ஸ்ட் சிங்க் (EXT SYNC) என்று எழுதிய துளையில் இருக்கிறது. எல்லா நிறமும் ஒன்றாக வரும் சாதாரண மஞ்சள் வயரில் படம் ஆடாமல் வருகிறது. முனைகளைத் துடைத்தும் பலனில்லை. பின்மூடியைக் கழற்றி உள்ளே திருகிப் பார்க்கலாமா?

தக்கலை ரேடியோ: வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மஞ்சள் வயரில் படம் நிற்கிறது என்றால் பெட்டியும் மானிட்டரும் நலம். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க் துடிப்புதான் கணக்கில் வரவில்லை. முன்பக்கத்தில் எக்ஸ்ட் சிங்க் என்று ஒரு பொத்தானும் இருக்கிறதா? அது அமுங்கியிருக்காவிட்டால், கறுப்பு வயர் செருகியிருந்தாலும் மானிட்டர் அந்தத் துடிப்பைப் பச்சை வயருக்குள்தான் தேடும்; மெகா டிரைவ் பச்சையில் அதை அனுப்புவதில்லை.

குளச்சல்காரன்: அமுக்கியதும் படம் நின்றுவிட்டது, அண்ணே! ஆனால் வெள்ளை கண் கூசும் அளவுக்குப் பொங்குகிறது.

வடசேரி வாசி: கெப்பாசிட்டர் போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

தக்கலை ரேடியோ: அவசரப்படாதீர்கள். பின்னால் உள்ள அவுட் துளைகளில் ஏதாவது செருகியிருக்கிறதா? உள்ளே வரும் சிக்னல் 75 ஓம் தடையில் முடிய வேண்டும். பல பிவிஎம்களில் அவுட்டில் எதையாவது செருகிய உடனே, அடுத்த மானிட்டர் இருக்கிறது என்று எண்ணி அந்தத் தடை தானாகவே விலகிக்கொள்ளும். அப்போது சிக்னல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

குளச்சல்காரன்: மூன்று அவுட்டிலும் ஸ்டுடியோக்காரர்கள் வெட்டிவிட்ட ஒரு முழ வயர் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டேன். நன்றி.

கருங்கல் கேமர்: பெட்டி 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.