ஞாயிறு சினிமா குழுவில் 'டயானா பி.யின் நாட்குறிப்பு'

கார்த்தி: இரண்டாம் உலகப்போரில் முகாம்களிலிருந்து குழந்தைகளை மீட்ட டயானா புடிசாவ்லியெவிச்சின் படத்தை யாரெல்லாம் பார்த்து முடித்தீர்கள்? கை தூக்கவும்.

சித்தி: ✋ இப்போதுதான் முடிந்தது. இன்னும் லைட் போடவில்லை.

மாமா: நான் பாதி. அரை மணி நேரம் பார்த்தேன், அப்புறம் கண் அசந்துவிட்டது. போர்ப்படம் என்றாய், ஒரு துப்பாக்கிகூட வெடிக்கக் காணோமே மாப்பிள்ளை.

அத்தை: இவர் குறட்டையில் எனக்குப் பாதி வசனம் கேட்கவில்லை.

பவி: அத்தை, அது குரோஷிய மொழி 😂

அத்தை: கேட்காவிட்டால் படிக்கவும் ஓடாது எனக்கு.

பவி: எனக்கு யார் எந்தப் பக்கம் என்றே முதலில் புரியவில்லை. டயானா ஆஸ்திரியாக்காரர், கணவர் செர்பிய டாக்டர், வீடு சாக்ரெப்பில். நடுவில் ஒரு ஜெர்மன் அதிகாரி வேறு உதவுகிறார்.

கார்த்தி: 1941 ஏப்ரலில் ஹிட்லரும் முசோலினியும் யூகோஸ்லாவியாவுக்குள் நுழைந்ததும், குரோஷியாவில் பாவெலிச் என்பவரின் உஸ்தாஷா என்ற பாசிசக் கூட்டம் ஆட்சியில் உட்கார்ந்தது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா (ஜிப்சி) மக்கள் எல்லோருக்கும் குறி. 1942 கோடையில் போஸ்னியாவில் கொசாரா மலைப் பக்கம் ஊர் ஊராக ஜனங்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அம்மாக்களில் பலரை ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுக் குழந்தைகளை அங்கேயே விட்டுவிட்டார்கள். டயானா மீட்ட குழந்தைகளில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக் குழந்தைகள்.

பவி: பத்தாயிரத்துக்கும் மேல் என்று படித்தேன். தனி ஆளாகவா?

கார்த்தி: தனி ஆளாக இல்லை. நர்சுகள், செஞ்சிலுவைக்காரர்கள், காமிலோ ப்ரெஸ்லர் என்ற அரசு ஊழியர், இன்னும் நிறையப் பேர். ஆரம்பம் மட்டும் அவர் வீட்டில். 1941 அக்டோபரில் லோபோர்கிராட் முகாமில் பெண்களும் குழந்தைகளும் கிடக்கிறார்கள் என்று அவருடைய தையல்காரப் பெண்மணி சொல்லித்தான் தெரிந்ததாம்.

மாமா: அந்த ஜெர்மன்காரன் நல்லவனாக வருவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அத்தை: டயானாவுக்கு ஜெர்மன் பேச வரும், அந்தக் கதவைத் தட்டினார். பேயிடம் போய்ப் பிள்ளையைக் கேட்பதென்றால் பேயின் மொழியில்தானே கேட்க வேண்டும்?

சித்தி: எனக்கு அந்த வயதானவர்கள்தான். நடிகர்கள் பேசி முடித்ததும் நிஜமாகவே முகாமில் இருந்து தப்பியவர் வந்து நிற்கிறார். எண்பதை நெருங்கும் வயது. பழைய படச்சுருளில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்ததும் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பவும் போட்டேன்.

அத்தை: அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நிஜ மனிதர்களுக்குப் பக்கத்தில் நடித்த காட்சிகள் இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கின்றன. எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள். அல்மா ப்ரிட்சா நன்றாக நடிக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவையாவது உடைந்து அழுதிருக்கலாம்.

பவி: அழாமல் இருப்பதுதான் அத்தை எனக்குப் பிடித்தது. அழ நேரம் ஏது அவருக்கு?

பெரியப்பா: தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பொறுக்கவும்.

மாமா: மச்சான் டைப் பண்ண ஆரம்பித்தால் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம் ☕

பெரியப்பா: எனக்கு இது போர்ப்படமாகவே தெரியவில்லை. ஆபீஸ் படமாகத் தெரிந்தது. முகாமுக்குள் போக ஒரு மேஜையில் அனுமதி, துணிமணி அனுப்ப இன்னொரு மேஜை, பிள்ளைகளை ரயிலில் ஏற்ற வேறொரு மேஜை. ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒருவன் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு வா என்கிறான். முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு இருந்தவன் நான். அந்த மேஜைகளை எனக்குத் தெரியும்.

பெரியப்பா: அந்த அட்டைகளைக் கவனித்தீர்களா? ஒரு குழந்தைக்கு ஓர் அட்டை. பெயர், தாய் தகப்பன், எந்த ஊர், யார் வீட்டில் ஒப்படைத்தது. சுமார் 12,000 குழந்தைகளுக்கு எழுதி அடுக்கினார்கள். பிறகு தேடிவரும் தாய்க்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க அது ஒன்றுதான் வழி. கைக்குழந்தை தன் பெயரைச் சொல்லுமா? பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினால், பசியில் அந்த அட்டையையே தின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டாம். நேற்று தேடிப் படித்தேன். படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

சித்தி: ஐயோ.

பெரியப்பா: நம் ஊரில் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பெயர் சேர்க்க ஓடி வருவார்கள். ஒரு தடவை அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை நானே தப்பாக எழுதிவிட்டேன். அதைத் திருத்த ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு முறை அலைந்தார். நான்காம் முறை பையன் என் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டான். நேற்று அவன் ஞாபகம்தான்.

பவி: 🙏

பெரியப்பா: 1945 மே மாதம் புது அரசாங்கம் கேட்டதும் அந்த அட்டைகளை எல்லாம் டயானா ஒப்படைக்க வேண்டியதாகிவிட்டது. சண்டை முடிந்து, பெற்றோர்கள் தேடி வருகிற நேரத்தில்! குழந்தைகள் பலர் செத்தார்கள் என்ற செய்தியைவிட அங்கேதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. தப்பாக நினைக்க வேண்டாம்.

அத்தை: தப்பாக யார் நினைத்தது அண்ணா.

மாமா: அதற்கப்புறம் அந்த அம்மாளை யாரும் கண்டுகொள்ளவில்லையா?

கார்த்தி: இல்லை மாமா. யூகோஸ்லாவியா காலத்தில் அவர் பெயரே வெளியே வரவில்லை. அவரும் பேசவில்லை. 1978இல் சொந்த ஊரான இன்ஸ்ப்ரூக்கில் இறந்தார். ஜெர்மன் மொழியில் எழுதிவைத்த நாட்குறிப்பைப் பேத்தி மொழிபெயர்த்து, 2003இல் சாக்ரெப்பில் புத்தகமாக வந்தது. படம் 2019இல். பூலாவில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் திரைப்பட விழா நடக்கும் இல்லையா, அங்கே அந்த வருடத்தின் சிறந்த படம் இதுதான்.

அத்தை: குரோஷியாவில் எல்லோருக்கும் பிடித்திருக்காதே? பேராயர் ஸ்டெபினாட்ஸ் ஆரம்பத்தில் கை விரித்துவிட்டார் என்று நாட்குறிப்பில் இருக்கிறதாம். அவரைப் புனிதராக்க வேண்டும் என்று ஒரு கூட்டமே காத்திருக்கிறது.

கார்த்தி: ஆமாம், அவர் பெயரை எடுத்தால் அங்கே இன்றும் சூடுதான். செர்பியர்களும் இதே முகாம்களை வைத்து 2020இல் 'யாசெனோவாட்ஸின் தாரா' எடுத்தார்கள். அதில் கொடுமை ரொம்பக் கூடிவிட்டது, பிரச்சாரம் போல இருக்கிறது என்று அமெரிக்க விமர்சகர்கள் சிலர் திட்ட, செர்பியாவில் கோபம் கொதித்தது. நாம் பார்த்த டயானா படத்தை குரோஷியா, ஸ்லோவேனியா, செர்பியா மூன்றும் சேர்ந்து தயாரித்திருக்கின்றன. அதுவே பெரிய விஷயம்.

மாமா: யாசெனோவாட்ஸ் முகாமில் செத்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று ஒரு இடத்தில், எண்பதாயிரம் என்று இன்னொரு இடத்தில். எதை நம்புவது?

கார்த்தி: ஏழு லட்சம் யூகோஸ்லாவியா காலத்துக் கணக்கு. அந்த முகாமின் நினைவகத்தில் பெயர் பெயராகச் சேர்த்த பட்டியலில் 83,145 பேர். அதில் 14 வயதுக்குக் கீழே 20,101.

பெரியப்பா: பெயரோடு இருக்கிற கணக்கைத்தான் நான் ஏற்பேன். அதற்காக மிச்சம் யாரும் சாகவில்லை என்று சொல்ல முடியாது. எழுத யாரும் மிஞ்சாத வீடுகள் இருந்திருக்கும்.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்ன நீக்கினீர்கள்?

மாமா: ஒரு ஜோக். இந்த இடத்தில் வேண்டாம் என்று தோன்றியது.

மாமா: கார்த்தி, படத்தை முதலிலிருந்து போட எந்த பட்டனை அழுத்த வேண்டும்?