முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ்: பிசினஸ் படிப்புக்குச் சரிவருமா?

ஃப்ரீமான்ட் அம்மா: மகள் இந்த வருடம் ஹைஸ்கூல் முடிக்கிறாள். பிசினஸ், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிக்க ஆசை. நாலு வருடப் படிப்புக்கே இடம் கிடைத்திருக்கிறது. அவளோ இங்கே ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதிப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்கு மனசே இல்லை.

கணக்குப்பிள்ளை: தாராளமாகச் சேருங்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு பாடங்களை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். அக்கவுண்டிங் இரண்டு, மைக்ரோ எகனாமிக்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ், கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று எங்கே போனாலும் முதலில் படிப்பது பெரும்பாலும் இவைதான். அதற்கு ஏன் கடன்?

மாறிவந்தவன்: பணத்தை மட்டும் பார்க்காதீர்கள் அண்ணா. நான் இதே வழியில் வந்தவன். ஆகஸ்டில் புது கேம்பஸுக்குப் போனேன், செப்டம்பரிலேயே கம்பெனிகள் வந்துவிட்டன. அடுத்த கோடை இன்டர்ன்ஷிப்புக்கு அப்போதே ஆள் எடுத்தார்கள். கூட நின்றவர்களுக்கு இரண்டு வருடப் பழக்கம்: கிளப், சீனியர்கள், பேராசிரியர்கள். எனக்கு அந்தக் கல்லூரியில் வாங்கிய மார்க் ஒன்றுகூடக் கையில் இல்லை. அந்தக் கோடை போனது போனதுதான். இந்தத் துறையில் முதல் வேலைக்கு அந்த இன்டர்ன்ஷிப் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை: தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தையும் சும்மா கழிக்க வேண்டியதில்லையே? டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் கற்கலாம், காலேஜ் ஹெல்ப் டெஸ்கில் பகுதிநேர வேலை பார்க்கலாம். போதாததற்கு, மாறி வருபவர்களுக்கு இடம் உறுதி தரும் டேக் ஒப்பந்தம் போட்டு அதன் நிபந்தனைகளை முடித்தால் யூசியில் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) இடம் உறுதி.

மாறிவந்தவன்: ஆறு கேம்பஸில்தான் டேக் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் கிடையாது. கால் ஸ்டேட்டுக்கு (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) மாறுவதற்காகக் கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் ட்ரான்ஸ்ஃபர் டிகிரிக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. ஏதாவது ஒரு கேம்பஸில் இடம் கிடைக்கும், நாம் கேட்ட கேம்பஸிலேயே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கால் ஸ்டேட் கேம்பஸ்களில் ஒன்றான சான் ஹோசே ஸ்டேட்டை நம்பி ஓலோனியில் சேருபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவு வகுப்பு: நடுவில் ஒரு வார்த்தை. என் காலேஜ் ஆலோசகர் சொன்னார் என்று ஒரு புரோகிராமிங் வகுப்பு எடுத்தேன். நான் போக நினைத்த இடத்தில் அதை ஏற்கவில்லை, வேறொன்று எடுக்க ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனது. யார் சொன்னாலும் சரி, எந்த வகுப்பை எந்த கேம்பஸ் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் போகப்போகும் கேம்பஸையும் போட்டு நீங்களே பாருங்கள். அதுவும் முதல் செமஸ்டருக்கு முன்னால்.

ஃப்ரீமான்ட் அம்மா: நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்று கேம்பஸ், மூன்று பட்டியல், எதுவும் ஒன்றுபோல இல்லை. அவள் அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாறிவந்தவன்: நல்லது அக்கா. நாலு வருடப் படிப்புக்குக் கிடைத்த நேரடி இடத்துக்கான நிதியுதவிக் கடிதம் வந்துவிட்டதா? அதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் நேராகவே அனுப்புங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.