டக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்: அர்த்தம் என்ன, எந்த ஊர்?

காக்ஸ்டவுன்வாசி:
பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் டக்கர். கையில் இருப்பது பாட்டியின் அப்பா, அம்மா கல்யாணப் பதிவு நகல் ஒன்றுதான்: 1911, பெங்களூர் கன்டோன்மென்ட் சர்ச். மாப்பிள்ளைக்கு ரயிலில் கார்டு (guard) வேலை, வயது 27. ஒரு சைட் "துணி வியாபாரி" என்கிறது, இன்னொன்று குலச்சின்னம் அச்சடித்துத் தர 2,000 ரூபாய் கேட்கிறது. எதை நம்புவது?

தறிநாடா:
நம்ம ஊர் "டக்கர்" இல்லைங்க, வியாபாரியும் இல்லை. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, இழை இழையாகத் தொளதொளவென்று இருக்கும். தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரமும் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்கு போய், இழை சுருங்கி, துணி கெட்டிப்படும். அந்த மண் வேறொன்றுமில்லை, நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனம்தான். இந்த ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்: தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்குப் பக்கம் வாக்கர் (நடந்து நடந்து மிதித்ததால்). அதனால் டக்கர் என்றதும் முதலில் டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் பார்க்கலாம். எக்ஸிட்டரில் இந்தத் தொழில்காரர்களின் சங்கம் 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

குலச்சின்னத்துக்குக் காசு கொடுக்காதீங்க. அங்கே சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான், பெயருக்கு அல்ல.

பழையஏடு:
அர்த்தம் சரி. ஆனால் பெயரை வைத்து நேரே டெவனுக்குத் தாவினால் யாரோ ஒருவர் வீட்டு வம்சாவளியில் போய் நிற்பீர்கள். பின்னோக்கித்தான் நடக்கணும்.

1911-ல் வயது 27 என்றால் பிறப்பு 1883 அல்லது 84. அந்த ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்க. அம்மா பெயரும் அப்பா வேலையும் அதில் கிடைக்கும். சர்ச் பதிவுகளின் பிரதி மெட்ராஸ் வழியாக லண்டன் போனது, இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. பெங்களூர் மைசூர் ராஜ்யத்துக்குள் இருந்தாலும் மெட்ராஸ் வரிசையில்தான் வரும்: லைப்ரரியில் அதன் குறியீடு என்/2. ரயில்வே குடும்பம் ஒரு ஊரில் நிற்காது, அதனால் என்/1 (வங்காளம்), என்/3 (பம்பாய்) இரண்டையும் விடாதீங்க. ஃபிபிஸ் (பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கம்) சைட்டின் அட்டவணையில் இலவசமாகத் தேடலாம். கத்தோலிக்கர் என்றால் இந்தப் பிரதிகளில் ஓட்டை அதிகம், பங்குக் கோயில் ஏட்டையே கேட்கணும்.

பலர் சறுக்குவது எழுத்தில். பழைய கையெழுத்தில் டக்கர், டூக்கர், தாக்கர் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். தாக்கர் என்பது கூரை வேய்பவர், வேறு பெயர். முடிந்தவரை மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்க, தட்டச்சுப் பட்டியலை நம்பாதீங்க.

இன்னொன்று: மதம் மாறியபோது ஆங்கிலக் குடும்பப் பெயர் எடுத்தவர்களும் உண்டு. பெயர் இங்கிலாந்துக்காரப் பெயர் என்பதால் ஆளும் அப்படி என்று முடிவு கட்ட வேண்டாம்.

காக்ஸ்டவுன்வாசி:
நகலை மறுபடி பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் "பென்ஷனர்" என்று இருக்கிறது.

பழையஏடு:
அப்படியானால் பட்டாள பென்ஷனாக இருக்க வாய்ப்பு உண்டு. ஞானஸ்நானப் பதிவில் "சோல்ஜர்" அல்லது ரெஜிமென்ட் பெயர் இருக்கிறதா பாருங்க. இருந்தால் லண்டன் க்யூவில் உள்ள நேஷனல் ஆர்கைவ்ஸில் (பிரிட்டன் அரசு ஆவணக் காப்பகம்) டபிள்யூஓ 97 வரிசையைப் பாருங்க. பென்ஷனோடு பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களின் தாள்கள் அவை, பிறந்த ஊரே எழுதியிருக்கும். அந்த ஊர் டெவனா, இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும்.